துண்டுக்குள்ள கை

மேனேசர் ஆயிட்டியாமா கண்ணு, நெம்ப சந்தோசம். இனிமேல் உன்ர மூளைக்கு வேலையில்ல, கழுத்துக்குத்தான் வேலை. மேல இருக்கறவரு பேசுனா மேலயும் கீழயும் ஆட்டோணும். கீழ இருக்கறவன் பேசுனா இக்கட்டாலயும் அக்கட்டாலயும் ஆட்டோணும். இந்த ரெண்டு ஆட்டமும் சுளுவா வந்துருச்சுன்னா ரிட்டையர் ஆகற வரைக்கும் உனக்கு ஒரு கொறையும் வராது. கம்பெனிக்கு வருமான்னு கேக்கறயா? அது உனக்கெதுக்கு? நீயா பெத்த?

நல்ல முடிவு எடுக்கறது எப்படின்னு பெரிய ஓட்டல்ல வெச்சு ட்ரெய்னிங் குடுத்தாங்களாமா. உங்கம்மா போன்ல சொன்னா. ஏசி ரூம்பு, பஃபே சாப்பாடு, கழுத்துல ஒரு பட்டி, போகையில கையில ஒரு பேனா. அத்தனையும் முடிச்சுட்டு இந்தக் கெழவன்கிட்ட வந்து "அப்புச்சி, ஒரு யோசனை சொல்லுங்க"ங்கற. ஏன் சாமி, பேனா எழுதலியா?

நான் மாட்டுத் தரகு பாத்தவன். விக்கறவன்கிட்டயும் தரகு வாங்குவேன், வாங்கறவன்கிட்டயும் வாங்குவேன். உங்க ஊர்ல அந்த வேலைக்குக் கன்சல்டன்ட்னு பேரு. சந்தை சந்தையாப் போறவனுக்குப் பாதி நேரம் மாட்டப் பாக்கற வேலை, மீதி நேரம் பஸ்ஸப் பாக்கற வேலை. பஸ்ஸு வராத நேரமெல்லாம் கையில ஒரு பொஸ்தகம் இருக்கும். நூலகத்துக்காரரு, "இனி உங்களுக்குக் குடுக்க ஒண்ணுமில்லீங்"ன்னு கும்புட்டுட்டாரு. இப்ப உன்ர தங்கச்சி போன்ல எடுத்துக் குடுக்கறதப் படிக்கறேன். அதனால எடையெடையில சீமைக் கதை ரெண்டு சொன்னேன்னா, இவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத.

மொதல்ல உங்க மீட்டிங் எப்படி நடக்கும்னு நான் சொல்றேன். சரியா இல்லியான்னு நீ சொல்லு. பெரியவரு வந்து உக்காருவாரு. "அல்லாரும் மனசுல பட்டதத் தாராளமாச் சொல்லுங்க"ம்பாரு. அதோட வாய மூடீட்டா அவரு மகராசன். மூட மாட்டாரு. "எனக்கென்னமோ இதுதான் சரின்னு படுது"ன்னு ஒரு வார்த்தையப் போட்டு வெப்பாரு. அவ்வளவுதான். அதுக்கப்பறம் அந்த ரூம்புல யாரும் யோசிக்க மாட்டாங்க. அவரு சொன்னதுக்குக் காரணம் தேடறதுதான் மிச்சம். ஒருத்தன் கணக்கு கொண்டாந்து காட்டுவான். இன்னொருத்தன், "சார் சொன்னதோட ஒண்ணே ஒண்ணு சேத்திக்கறேன்"னு ஆரம்பிச்சு அதையே திருப்பிச் சொல்லுவான். புதுசாச் சேந்த பையன் ஒருத்தன் வாயத் தெறப்பான், பக்கத்துல இருக்கறவன் கால மிதிச்சதும் மூடிக்குவான். ஏகமனதா முடிவாச்சுன்னு மினிட்ஸ் எழுதுவீங்க. எழுதீட்டுக் கீழ எறங்கி டீக்கடைக்கு வந்ததும், "இது வெளங்குமாடா?"ன்னு மறுபடியும் ஏகமனதாக் கேப்பீங்க. உங்க கம்பெனியோட நெசமான மீட்டிங் டீக்கடையிலதான் நடக்குது. அதுக்கு மினிட்ஸ் எழுத ஆளில்ல, அது ஒண்ணுதான் கொறை.

சிரிக்கறயா? சிரி சிரி. பார்க்கின்சன்னு ஒரு வெள்ளைக்காரரும் இப்படித்தான் சிரிக்க வெச்சாரு. சிங்கப்பூர்ல மலாயா பல்கலைக்கழகத்துல வரலாறு சொல்லிக் குடுத்த வாத்தியாரு. 1957-ல ஒரு நக்கல் பொஸ்தகம் எழுதுனாரு. அதுல ஒரு கமிட்டி கூடுது. மொத விசயம் அணு உலை, செலவு 1 கோடி பவுண்டு. ரெண்டரை நிமிசத்துல பாஸாயிருது. அடுத்தது ஆபீஸ் ஆளுக சைக்கிள் நிறுத்தறதுக்கு ஒரு கொட்டாய், செலவு 350 பவுண்டு. அதுக்கு முக்கா மணி நேரம் அடிச்சுக்கறாங்க. அணு உலையப் பத்திப் பாதிப் பேருக்கு மேல ஒண்ணுந் தெரியாது, கேட்டா மானம் போயிரும், அதனால பேசல. கொட்டாய் அல்லாரு வீட்டுலயும் இருக்குது, அதனால அல்லாரும் பேசுனாங்க. உங்க ஆபீஸ்லயும் லட்சக்கணக்குல போடற கம்ப்யூட்டர் ஒப்பந்தம் ஒரு தலையாட்டல்ல முடிஞ்சு, தீபாவளிக்கு எந்தக் கடை ஸ்வீட்டுன்னு ஒரு வாரம் வாட்ஸப்புல ஓடியிருக்கும். இல்லீன்னு சொல்லு பாக்கலாம்.

எங்க ஆபீஸு எப்படின்னு சொல்றேன் கேளு. கண்ணபுரம் சந்தைக்கு நீ சின்னப் பையனா இருக்கையில கூட்டிட்டுப் போயிருக்கறேன். சித்திரையில மாரியம்மன் நோம்பியோட கூடற மாட்டுச் சந்தை. மயிலை, காரி, செவலைன்னு காங்கேயம் மாடுக கட்டியிருக்கும். அங்க வெலைய வாயால பேச மாட்டோம். துண்ட மேல போட்டு மூடிக்கிட்டு, உள்ள கையக் குடுத்து, வெரலப் புடிச்சுத்தான் பேரம். நீ அப்ப, "அப்புச்சி எதுக்கு அந்தத் தாத்தாகூடக் கை புடிச்சுட்டே நிக்கறாங்க"ன்னு உங்கம்மாகிட்டக் கேட்ட.

அது எதுக்குன்னு நெனைக்கற? பக்கத்து மாட்டுக்காரனுக்கு வெலை தெரியக் கூடாதுங்கறது ஒண்ணு. அத அல்லாருஞ் சொல்லுவாங்க. என்ர அனுபவத்துல அதுக்கும் மேல ஒண்ணு இருக்குது. சந்தையில ஒருத்தன், "ஆஹா, எம்பதாயிரம் போகுமப்பா"ன்னு சத்தமாச் சொல்லீட்டான்னு வெய்யி. அதோட அந்த மாட்டப் பாக்கற அத்தனை பேரு கண்ணும் கெட்டுப் போயிரும். அப்பறம் யாரும் பல்லப் பாக்க மாட்டான், கொளம்பப் பாக்க மாட்டான், சுழியப் பாக்க மாட்டான். எம்பதாயிரத்தத்தான் பாப்பான். துண்டுக்குள்ள வெரல் பேசுனாத்தான், இவன் மாட்டப் பாத்து வெலை சொல்றானா, அக்கம்பக்கத்துல காதக் குடுத்து வெலை சொல்றானான்னு எனக்குத் தெரியும்.

இதையே சீமையில ஒருத்தரு கணக்குப் போட்டுக் காட்டியிருக்கறாரு. கால்டன்னு பேரு. 1906-ல இங்கிலாந்துல ப்ளிமத்துங்கற ஊர்ல ஒரு கால்நடைக் கண்காட்சி. கொழுத்த காளை ஒண்ண நிறுத்தி வெச்சு, இத அறுத்து உரிச்சா கறி எத்தனை எடை நிக்கும்னு போட்டி. (காளையக் கும்புடறவன் நான். அந்த எடத்தப் படிக்கையில எனக்கு வயிறு பெசஞ்சுது. போச்சாது போ, அவிங்க ஊரு வழக்கம்.) ஆறு பென்னி குடுத்தா ஒரு சீட்டு. அவனவன் மனசுல பட்ட எடைய எழுதிப் போடோணும். கசாப்புக்காரனும் போட்டான், பண்ணயக்காரனும் போட்டான், வேடிக்கை பாக்க வந்தவனும் போட்டான். கால்டன் அந்தச் சீட்டுகள வாங்கி, படிக்க முடிஞ்ச 787 சீட்டையும் சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் அடுக்கி, நட்டநடுவுல இருந்த சீட்ட எடுத்தாரு. 1,207 பவுண்டு. நெசமான எடை 1,198. நூத்துக்கு ஒண்ணு கூட வித்தியாசமில்ல கண்ணு.

சீட்டெழுதற மேசைக்குப் பக்கத்துல அந்த ஊரு பெரிய கசாப்புக்காரர நிறுத்தி, "எனக்கென்னமோ 1,500-ன்னு படுது"ன்னு சொல்ல விட்டுருந்தா என்னாயிருக்கும்? 787 சீட்டு இருந்திருக்காது. ஒரே சீட்டுத்தான், 787 நகலு. உங்க மீட்டிங்ல நடக்கறது அதுதான். பத்துப் பேரு உக்காந்து பேசுனோம்னு நெனைக்கறீங்க. பத்துப் பேரு சம்பளத்துல ஒருத்தரு யோசிச்சிருக்கறாரு.

அதனால ஒரு வேலை பண்ணு. பைசாச் செலவில்ல. பேசறதுக்கு முன்னால ஆளுக்கொரு துண்டுச் சீட்டக் குடு. இந்த வேலை எத்தனை நாள் ஆகும், இது தேறுமா தேறாதா, உங்களுக்குப் படறத எழுதுங்கன்னு சொல்லு. எழுதி மடிச்சு வெச்சதுக்கு அப்பறம் பேச்ச ஆரம்பி. பேசறப்பவும் வயசுல சின்னவன், சம்பளத்துல சின்னவன், அவன் மொதல்ல பேசோணும். நீ கடைசி. யூதர்களோட பழைய நாயசபையில, உயிர் போற வழக்குன்னா இளையவங்கதான் மொதல்ல சொல்லோணும்னு சட்டமே இருந்துது. பெரியவரு மொதல்ல சொல்லீட்டா, அவர எதுத்துச் சின்னவன் எப்படிப் பேசுவான்னு அன்னைக்கே தெரிஞ்சு வெச்சிருந்தாங்க. இன்னொன்னு கேளு, அவிங்க நூல்லயே இருக்குது. அத்தனை நீதிபதியும் ஒருத்தன் விடாமக் குத்தவாளின்னு சொல்லீட்டா, ஆள விட்டுருவாங்களாம். எதுத்துச் சொல்ல ஒரு ஆளு கூட இல்லீன்னா, வழக்கச் சரியா யாரும் பாக்கலீன்னு அர்த்தம். அந்தச் சட்டம் உங்க கம்பெனிக்கு வந்தா ஒரு ப்ராஜக்ட்டும் பாஸாகாது, இல்ல?

சரி, சுத்தி வளைச்சது போதும். நீ வந்த விசயம் என்ன? ஏதோ ஆப்பு செய்யறீங்க, தை மாசத்துக்குள்ள தர்றேன்னு வெளிநாட்டுக்காரனுக்கு வாக்குக் குடுத்துட்டீங்க. அது சரியா ஓடுதான்னு பாக்கற புள்ளை ஒண்ணு, "இன்னும் ஆகல சார்"ங்குது. நீ என்ன சொன்ன? "எங்க ஓடாதுன்னு நிரூபிச்சுக் காட்டு"ன்னு சொன்னயாமா. சொல்லீட்டு அத ஒரு சாமர்த்தியம்னு வேற எங்கிட்டச் சொல்ற.

இந்தச் சாமர்த்தியத்த உனக்கு முன்னாலயே சில பெரிய மனுசங்க காட்டியிருக்கறாங்க சாமி. அந்தக் கதையச் சித்தெப் பொறுமையாக் கேளு.

1986, சனவரி. அமெரிக்காவுல சேலஞ்சர்னு ஒரு விண்கலம். அதுல ஏழு பேரு போகோணும், அதுல ஒருத்தரு பள்ளிக்கூட டீச்சரு. ஊரெல்லாம் டிவிப் பொட்டி முன்னால. பல தடவை தள்ளிப் போட்டாச்சு, இனியும் தள்ளுனா அசிங்கம்னு மேல இருக்கறவங்களுக்கு ஒரு அவசரம். ராக்கெட்டு துண்டு துண்டா வந்து சேத்தற ராக்கெட்டு. சேத்தற எடத்துல சூடான வாயு வெளிய வராம இருக்க ரப்பர் வளையம். குளுருல ரப்பர் வெறச்சுக்கும். நம்ம மோட்டருக்குப் போடற வாசருக்கு இருக்கற அதே கொணந்தான். ராக்கெட் செஞ்ச கம்பெனியில பாஷோலின்னு ஒரு எஞ்சினீயர், இந்த வளையத்துனால உயிர்ச்சேதம் வரும்னு ஆறு மாசத்துக்கு முன்னாலயே, 1985 சூலையில, எழுதிக் குடுத்துட்டாரு. சனவரி 27-ம் தேதி ராத்திரி போன்ல மீட்டிங். கம்பெனி ஆளுக யூட்டாவுல, நாசா ஆளுக ஃப்ளோரிடாவுலயும் அலபாமாவுலயும். நாளைக்குக் காலையில உறைபனிக் குளுரு இருக்கும், 12 டிகிரிக்குக் கீழ போனா விடாதீங்கன்னு எஞ்சினீயர்க சொன்னாங்க.

நாசா பக்கத்துல ஒருத்தருக்குக் கோவம் வந்துருச்சு. அப்பறம் எப்பத்தான் விடறது, ஏப்ரல் மாசமான்னு கேட்டாரு. இவிங்களுக்கு அவிங்கதான் காசு குடுக்கற வாடிக்கை. "அஞ்சு நிமிசம் குடுங்க, எங்களுக்குள்ள பேசிக்கறோம்"னு போன நிறுத்தி வெச்சாங்க. அஞ்சு நிமிசம் அரை மணி நேரமாச்சு. பாஷோலியும் இன்னொரு எஞ்சினீயரும் படத்தக் காட்டிக் காட்டிச் சொன்னாங்க. யாரும் காதுல வாங்கல. அப்ப அங்க இருந்த பெரிய அதிகாரி, எஞ்சினீயருக்கெல்லாம் தலைவரா இருந்தவரப் பாத்து, எஞ்சினீயர் தொப்பியக் கழட்டீட்டு மேனேசர் தொப்பியப் போட்டுக்கன்னாரு. அவரு போட்டுக்கிட்டாரு. மறுபடியும் போன எடுத்து, விடலாம்னுட்டாங்க.

காலையில குளுரு 2 டிகிரி. கெளம்புன 73 விநாடியில ஆகாசத்துலயே செதறிப் போச்சு. ஏழு பேரும் போயிட்டாங்க.

அப்பறம் விசாரணைக் கமிசன் உக்காந்துது. அதுல ஃபைன்மன்னு ஒரு விஞ்ஞானி. அந்த ரப்பர்த் துண்ட ஒரு கிடுக்கியில இறுக்கி, தனக்குக் குடிக்க வெச்சிருந்த ஐஸ் தண்ணியில போட்டு எடுத்தாரு. கிடுக்கியக் கழட்டுனா ரப்பரு பழைய மாதிரி எந்திரிக்கல. ஒரு டம்ளர் தண்ணியில தெரியற விசயம், அந்த ராத்திரி அத்தனை பேருக்கும் ஏன் தெரியல? தெரியும் கண்ணு. தெரிஞ்சவன் ரூம்புலதான் இருந்தான். அன்னைக்கு மாறுனது கேள்வி. வழக்கமா, பறக்கறதுக்கு எந்தக் கொறையும் இல்லீன்னு நிரூபின்னுதான் கேப்பாங்க. அன்னைக்கு மட்டும், கொறை இருக்குதுன்னு நிரூபின்னு கேட்டாங்க. விட்டா வெடிக்கும்னு எஞ்சினீயர்களால அடிச்சுச் சொல்ல முடியல. எவனால சொல்ல முடியும்? அதனால விட்டுட்டாங்க.

இப்பச் சொல்லு, அந்தப் புள்ளைகிட்ட நீ என்ன கேட்ட?

தொங்கப் போட்ட மூஞ்சியத் தூக்கு. உன்ர ஆப்புல யாரும் வானத்துக்குப் போகல, எனக்குத் தெரியும். சோறு ஆர்டர் பண்றதோ, சீட்டுப் பணம் கட்டறதோ ஏதோ ஒண்ணு. ஆனாக் கேள்விய மாத்திப் போட்டது நீதான், அதனால நீதான் திருப்பிப் போடோணும். நாளைக்குப் போயி, "இது ஓடும்னு நான் நம்பறதுக்கு என்னென்ன பாக்கோணும், நீ சொல்லு"ன்னு கேளு. அது ஒரு பட்டியல் குடுக்கும். அந்தப் பட்டியல்ல பாதி உனக்கே புதுசா இருக்கும். ஜப்பான்ல டொயோட்டா கார்க் கம்பெனியில, வண்டி வரிசையா நகந்து வர்ற எடத்துல தலைக்கு மேல ஒரு கயிறு தொங்கவிட்டிருந்தாங்க. தப்பப் பாத்தா எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். மேஸ்திரி ஓடி வருவான், தீக்க முடியலீன்னா வரிசையே நிக்கும். இழுத்தவனத் திட்டறதில்ல. உங்க ஆபீஸ்ல அந்தப் புள்ளை கயித்த இழுத்துது, நீ கயித்த அறுத்துட்டு வந்து எங்கிட்ட யோசனை கேக்கற.

உங்க பெரியவருக்கு இதெல்லாம் யாரு சொல்றதுங்கறயா? சொல்ல வேண்டாம். அவர ரூம்ப விட்டு வெளிய அனுப்பு, போதும். அமெரிக்க அதிபர் கென்னடி அப்படித்தான் பண்ணுனாரு. 1961-ல கியூபாவப் புடிக்கறோம்னு சுமார் 1,400 பேர அனுப்பி, மூணு நாள்ல தோத்து, ஆயிரத்துக்கும் மேல சிறைப்பட்டாங்க. அந்தத் திட்டம் ஆகாதுன்னு நெனச்ச ஆளுக கூட்டத்துலயே இருந்தாங்க. ஷ்லெசிங்கர்னு ஒருத்தரு தனியா எழுதிக் குடுத்தாரு, ஆனாக் கூட்டத்துல வாயத் தெறக்கல. அடுத்த வருசம் அதே கியூபாவுல ரஷ்யாக்காரன் அணு ஏவுகணையக் கொண்டாந்து வெச்சப்ப, கென்னடி ஒரு வேலை பண்ணுனாரு. சில கூட்டத்துக்கு வேணும்னே வரல. அவரு இல்லாதப்பப் பெரிய பதவி சின்னப் பதவின்னு பாக்காம அடிச்சுப் பேசுனாங்க. மொதல்ல குண்டு போட்டுரலாம்னு கெளம்புன பேச்சு, கப்பல நிறுத்தி மறிக்கலாம்னு முடிஞ்சுது. உலகம் தப்பிச்சுது. தலைவர் வெளிய போனா உலகமே தப்பிக்குது, உங்க ப்ராஜக்ட்டு தப்பிக்காதா? அவருக்கு வெளியூர்ல ஒரு கருத்தரங்கு பாத்து வெய்யி. மாலை போட்டா மறுக்க மாட்டாரு.

ஓ, எக்செல் போட்டுப் பாத்தயா. காட்டு. அடேயப்பா, எத்தனை கட்டம், எத்தனை கலரு. இதுக்கு 30 மார்க்கு, அதுக்கு 20 மார்க்கு... கூட்டிப் பாத்தா எது ஜெயிக்குது? நீ நெனச்சதேதான் ஜெயிக்குதா? நெசமாச் சொல்லு, மொதத் தடவை கூட்டுனப்ப எது ஜெயிச்சுது? அதுக்கப்பறந்தான இந்த 20 மார்க்க 25 ஆக்குன?

வெக்கப்படாத. டார்வினே அதத்தான் பண்ணுனாரு. கொரங்குல இருந்து மனுசன்னு சொன்ன அதே டார்வின், முன்னால சொன்ன கால்டனுக்கு ஒறவு. 1838-ல கல்யாணம் பண்ணிக்கலாமா வேண்டாமான்னு காயிதத்த ரெண்டாப் பிரிச்சு எழுதுனாரு. வேண்டாம்ங்கற பக்கம், நேரம் வீணாப் போகும், பொஸ்தகம் வாங்கக் காசு கொறையும். வேணும்ங்கற பக்கம், வயசான காலத்துல தொணை இருக்கும், எப்படியும் நாய் வளக்கறதுக்கு மேலு. ஆமா சாமி, நாயோடதான் ஒப்பிட்டாரு. உங்கம்மாயி காதுல விழுந்துரப் போகுது, மெல்லப் பேசு. கடைசியில கல்யாணம்னே முடிவு. அந்தக் காயிதத்தப் படிச்சா, மனுசன் பேனா எடுக்கறதுக்கு முன்னாலயே முடிவு பண்ணீட்டான்னு எனக்குப் படுது. பட்டியல் போடறது தப்பில்ல. மார்க்கு எதுக்கு எத்தனைன்னு மொதல்லயே எழுதி ஒருத்தன்கிட்டக் குடுத்து வெச்சுட்டு, அப்பறமா மார்க்குப் போடோணும். பரிச்சை முடிஞ்சு வந்து கேள்வித்தாள மாத்துனா அல்லாரும் பாஸுதான்.

இன்னொண்ணு என்னமோ சொன்னயே, "இதுவரைக்கும் இவ்வளவு செலவு பண்ணியாச்சு அப்புச்சி, இப்ப எப்படி நிறுத்தறது"ன்னு. அதக் கேட்டதும் உங்கம்மாயிய நெனச்சுக்கிட்டேன். நம்ம தெக்குக் காட்டுல போர் போட்டமே, தெரியுமில்ல? தேங்காயக் கையில வெச்சுக்கிட்டு நடந்தவன் நின்ன எடத்துல எறக்குனோம். ஐநூறு அடியில புழுதி. எழுநூறுல புழுதி. "இத்தனை போயாச்சு, இன்னும் நூறடி"ன்னா உங்கம்மாயி. ஆயிரத்துலயும் புழுதி. "ஆயிரம் போயாச்சு, இப்பவா நிறுத்தறது?" போர் வண்டிக்காரனுக்கு எங்களப் பாத்தா நெம்பப் பாசம். அடிக்கு இத்தனைன்னு அவனுக்கு மீட்டர் ஓடுது, தண்ணி வந்தா என்ன, வராட்டி என்ன.

இதையே வானத்துல பண்ணுனாங்க இங்கிலாந்துக்காரனும் பிரான்சுக்காரனும். கான்கார்டுன்னு சத்தத்தவிட வேகமாப் போற விமானம். 1962-ல ஒப்பந்தம். ரெண்டே வருசத்துல இங்கிலாந்துல புதுசா வந்த அரசாங்கம், செலவு தாங்காது நிறுத்தீரலாம்னு பாத்துது. ஒப்பந்தத்தப் பிரிச்சா, விலகறதுக்கு ஒரு வழியும் எழுதி வெக்கல. 1976-ல பயணிகள ஏத்துனப்ப வாங்க ஆளில்ல. மொத்தம் செஞ்சது 20. அந்த ரெண்டு நாட்டுக் கம்பெனிகதான் வாங்கி ஓட்டுனாங்க. 2003-ல நிறுத்தியாச்சு. போன காசு போனதுதான் கண்ணு, அது நிறுத்துனாலும் வராது, ஓட்டுனாலும் வராது. அந்தக் கணக்க ஆரம்பிச்சவன்கிட்டக் கேக்கக் கூடாது. அவன் கண்ணுக்கு ஆயிரம் அடியுந் தெரியும், தண்ணி மட்டுந் தெரியாது. புதுசா வந்த ஒருத்தன உக்கார வெச்சு, "இன்னைக்கு இத மொதமொதலாப் பாக்கற, கையில இருக்கற காசுக்கு இதுல எறங்குவயா?"ன்னு கேளு. எறங்க மாட்டேன்னா, நிறுத்து. எத்தனாவது அடியில நிறுத்தறதுன்னு வண்டி வர்றதுக்கு முன்னாலயே எழுதி வெச்சுக்கறது இன்னும் உத்தமம். நாங்க வெக்கல.

அவசரமா முடிவெடுக்கச் சொல்லித் தொந்தரவு பண்ணுனா என்ன பண்றதுன்னு அடுத்துக் கேப்ப. பாரசீகக்காரங்களப் பத்தி எரோடோட்டசுங்கற கிரேக்கத்துக்காரரு எழுதி வெச்சிருக்கறாரு. அவிங்க முக்கியமான விசயத்தக் குடிச்சுட்டுப் பேசுவாங்களாம். மக்கா நாள் தெளிஞ்சதும், யாரு வீட்டுல பேசுனாங்களோ அந்த வீட்டுக்காரன் அதையே திருப்பி எடுத்து வெப்பானாம். தெளிஞ்ச புத்திக்கும் சரின்னு பட்டாத்தான் நடக்கும், இல்லீன்னா விட்டுருவாங்க. உங்க ஆபீஸ் பார்ட்டியில மொதப் பாதி ஒழுங்கா நடக்குதுன்னு கேள்விப்பட்டேன். ரெண்டாவது பாதிய யாரும் பண்றதில்ல போலிருக்குது. அதுக்குனு குடிக்கச் சொல்றேன்னு உங்கம்மாகிட்டப் போட்டுக் குடுத்துராத. கூட்டத்துல சூடா எடுத்த முடிவ ஒரு ராத்திரி தூங்கி எந்திரிச்சு, வெறும் வயித்தோட இன்னொரு தடவை பாருன்னு சொல்றேன். ஆனா எல்லாத்துக்கும் ராத்திரி கேக்காத. நாளைக்கே மாத்திக்கக் கூடிய விசயத்த நின்ன எடத்துலயே முடி. ஸ்வீட்டுக் கடைய மாத்திக்கலாம். வெளிநாட்டுக்காரன் காசக் கட்டற ஆப்புல கணக்குத் தப்பா வந்தா மாத்திக்க முடியாது. நீங்க இது ரெண்டையும் நேரெதிரா வெச்சிருக்கறீங்க.

என்ன, எந்திரிச்சுட்ட? "எல்லாஞ் சரி அப்புச்சி, நீங்களா இருந்தா தை மாசம் விடுவீங்களா, தள்ளிப் போடுவீங்களா?"ங்கறயா? நல்லாருக்குது நாயம். இத்தனை நேரம் தொண்டை வறளப் பேசுனது எதுக்குன்னு நெனச்ச? நான் ஒண்ணச் சொல்லுவேன், நீ மேலயும் கீழயும் ஆட்டுவ, நாளைக்கு ஆபீஸ்ல போயி, "எங்க அப்புச்சி சொல்லீட்டாங்க"ன்னு நிப்ப. எனக்கு அந்த ஆப்பு எந்தப் பக்கம் வாயி எந்தப் பக்கம் வாலுன்னு தெரியாது. தெரிஞ்ச புள்ளை அங்க உக்காந்திருக்குது. அதுகிட்டப் போ.

போறதுக்கு முன்னால எனக்கொரு உபகாரம் பண்ணு. அந்த ட்ரெய்னிங் பேனாவக் குடு. தெக்குக் காட்டுல இன்னொரு போர் போடலாமான்னு வீட்டுல பேச்சு நடக்குது. ஆளுக்கொரு சீட்டுல எழுதிரலாம். நீ ஒண்ணு எழுதி மடிச்சு வெச்சுரு, அப்பறம் உங்கம்மா போன்ல சொல்லட்டும், அதையும் நீயே எழுதிரு, உன்ர தங்கச்சி ஒண்ணு, நான் ஒண்ணு. தன்னுத எழுதறதுக்கு முன்னால யாரும் யாருதயும் பாக்கக் கூடாது. உங்கம்மாயிக்கும் ஒரு சீட்டக் குடு. அவ என்ன எழுதறாளோ அதுதான் நடக்கும், அது வேற விசயம். ஆனாலும் அவ சீட்டக் கடைசியாப் பிரிக்கோணும், ஆமா.